திரையின் ஒரு பகுதியை மட்டும் வீடியோவாகப் பதிவது: வெட்டினால் எழுத்து மங்குகிறதே, ஏன்?

குறுஞ்சட்டம் | பதிவு 1

வணக்கம் நண்பர்களே. பயிற்சி வீடியோக்களுக்காக ஓபிஎஸ் (OBS) என்ற திரைப்பதிவு மென்பொருளில் திரையைப் பதிகிறேன். திரை 1920×1080, விண்டோஸ் ஸ்கேலிங் (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் அமைப்பு) 125%. இடப்பக்கக் கருவிப்பட்டையும் கீழே உள்ள டாஸ்க்பாரும் வீடியோவில் வரக் கூடாது. நடுவிலுள்ள வேலைப்பரப்பு மட்டும் போதும்.

முழுத்திரையை எடுக்கும் டிஸ்ப்ளே கேப்சர் சேர்த்து, சிவப்புக் கோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் படம் நசுங்குகிறதே தவிர வெட்டுப்படவில்லை. முழுத்திரையும் பதிந்து எடிட்டரில் வெட்டினால் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை விழுகிறது, எழுத்தும் மங்குகிறது. மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. பதியும்போதே வெட்டுவதா, பிறகு வெட்டுவதா? எது சரியான வழி?

வெட்டுக்கோடு | பதிவு 2

வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெட்டுவதால் எழுத்து மங்காது. வெட்டிய துண்டை வேறு அளவுக்கு இழுப்பதால்தான் மங்குகிறது. இரண்டும் ஒரே இழுப்பில் சேர்ந்து நடப்பதால் பழி வெட்டின் மேல் விழுகிறது.

ஓபிஎஸ்ஸில் வெட்ட, ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓரத்திலுள்ள சிறு கட்டத்தை உள்நோக்கி இழுங்கள். வெட்டுப்பட்ட பக்கத்தின் கோடு சிவப்பிலிருந்து பச்சையாக மாறும். ஆல்ட் இல்லாமல் இழுத்தால் அளவு மாறும். உங்களுக்கு நடந்தது அதுதான். கை இழுப்பில் சரியான எண் கிடைக்காது. ஆகவே சோர்ஸை (படம் வரும் மூலம், இங்கே டிஸ்ப்ளே கேப்சர்) தேர்ந்து கன்ட்ரோல்+ஈ அழுத்துங்கள். எடிட் ட்ரான்ஸ்ஃபார்ம் பெட்டி திறக்கும். அதில் இடம், வலம், மேல், கீழ் என நான்கு கிராப் எண்களையும் தட்டிக் கொடுக்கலாம். குழம்பிவிட்டால் கன்ட்ரோல்+ஆர் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

இப்போது கணக்கு. கருவிப்பட்டை 240 பிக்சல், டாஸ்க்பார் 60 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை மட்டும் வெட்டினால் மிஞ்சுவது 1680×1020. இதை 1920×1080 கேன்வாஸில் (ஓபிஎஸ் படத்தை வைக்கும் பரப்பு) பொருத்தினால் உயரம் நிரம்ப 1.059 மடங்கு பெரிதாக வேண்டும். அகலம் 1779 ஆகும். இரு பக்கமும் சுமார் 70 பிக்சல் கறுப்புப் பட்டை. அதைவிட மோசம் அந்த 1.059. ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடு இனி ஒரு பிக்சலில் உட்கார முடியாது. பக்கத்துப் பிக்சலிலும் கொஞ்சம் வழியும். ண-வின் சுழிகளுக்கு நடுவே இருப்பது ஒன்றிரண்டு பிக்சல் வெள்ளைதான். அது சாம்பலாகிவிட்டால் ண-வும் ன-வும் ஒன்றாகிவிடும்.

தீர்வு: வெட்டும் அளவுக்கே கேன்வாஸை அமையுங்கள். 16:9 வேண்டுமென்றால் 1600×900 எடுங்கள். கிராப் எண்கள் இடம் 240, வலம் 80, மேல் 60, கீழ் 120. செட்டிங்ஸில் வீடியோ பக்கம் போய் பேஸ் ரெசல்யூஷன், அவுட்புட் ரெசல்யூஷன் இரண்டிலும் 1600×900 தட்டுங்கள். பட்டியலில் அந்த அளவு இல்லாவிட்டாலும் பெட்டிக்குள் நேரடியாகத் தட்டலாம். பிறகு எடிட் ட்ரான்ஸ்ஃபார்மில் பொசிஷன் 0, 0 கொடுத்து, துண்டை எங்கும் இழுக்காமல் 100% அளவிலேயே விடுங்கள். திரையின் ஒரு பிக்சல் வீடியோவின் ஒரு பிக்சலாக அப்படியே போகும்.

குறுஞ்சட்டம் | பதிவு 3

நன்றி ஐயா. ஆல்ட் இழுப்பு வேலை செய்கிறது. ஃபில்டர் பட்டியலிலும் கிராப்/பேட் என்று ஒன்று இருக்கிறதே, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இன்னொன்று, பகுதியை அளக்க ஒரு ரூலர் கருவியைப் பயன்படுத்தினேன். அது கருவிப்பட்டையை 192 என்கிறது, ஓபிஎஸ்ஸிலோ 240 கொடுத்தால்தான் சரியாக வெட்டுகிறது.

வெட்டுக்கோடு | பதிவு 4

ஆல்ட் வெட்டு அந்த ஒரு காட்சியில் (சீன்) வைத்த உருப்படிக்கு மட்டும். கிராப்/பேட் ஃபில்டர் சோர்ஸின் மேலேயே உட்காரும். அதே சோர்ஸை நான்கு காட்சிகளில் ரெஃபரன்ஸாக ஒட்டியிருந்தால் நான்கிலும் வெட்டுப்படும். ஒரே திரையை ஒரு காட்சியில் முழுதாகவும் இன்னொன்றில் நெருக்கமாகவும் காட்ட வேண்டுமானால் ஆல்ட் வெட்டு. எந்தக் காட்சியிலும் டாஸ்க்பார் வரவே கூடாது என்றால் ஃபில்டர்.

ஃபில்டரில் ரிலேடிவ் என்று ஒரு டிக் இருக்கும். டிக் இருந்தால் நான்கு ஓரத்திலிருந்தும் எவ்வளவு வெட்டுவது என்ற எண்கள் கேட்கும். எடுத்துவிட்டால் எக்ஸ், ஒய், அகலம், உயரம் கேட்கும். நேரடியாக 240, 60, 1600, 900 என்று கொடுக்க இதுதான் வசதி.

ஃபில்டரால் வெட்டினால் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து ரீசைஸ் அவுட்புட் (சோர்ஸ் சைஸ்) கொடுத்தால் வெட்டிய அளவே கேன்வாஸ் அளவாகிவிடும். ஆல்ட் வெட்டை அந்தக் கட்டளை கணக்கில் எடுக்காது, முழுத்திரை அளவைத்தான் எடுக்கும். பதிவு ஓடும்போது இது வேலை செய்யாது, முன்னாலேயே செய்துவிடுங்கள்.

192-க்கும் 240-க்கும் காரணம் அந்த 125%. 192 × 1.25 = 240. ஸ்கேலிங்கை அறியாத கருவிகளுக்கு விண்டோஸ் உங்கள் திரையை 1536×864 என்று சொல்லிவிடும். ஓபிஎஸ் உண்மையான பிக்சலில் கணக்கிடுகிறது. மற்ற கருவியில் அளந்த எண்ணை 1.25-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மானிட்டர், ஒன்றில் 100%, இன்னொன்றில் 150% என்றால் எந்த மானிட்டரில் அளந்தீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இரட்டைப்படை | பதிவு 5

நடுவில் ஒரு வார்த்தை. அகலம், உயரம் இரண்டும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். வழக்கமான வீடியோக்களில் வண்ணம் 4:2:0 முறையில் சேமிக்கப்படுகிறது. ஒளி, அதாவது வெளிச்ச அளவு, ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனி. வண்ணமோ 2×2 பிக்சல் கொண்ட கட்டத்துக்கு ஒன்றுதான். 1281 அகலம் கொடுத்தால் கடைசிக் கட்டம் பாதியில் நிற்கும். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் என்கோடரான எக்ஸ்264 அங்கேயே 'அகலம் 2-ஆல் வகுபடவில்லை' என்று சொல்லி நின்றுவிடும்.

ஓபிஎஸ் நிற்காது, தானே குறைத்துக்கொள்ளும்: அவுட்புட் அகலத்தை 4-இன் மடங்காகவும் உயரத்தை 2-இன் மடங்காகவும் கீழ்நோக்கி வெட்டிவிடும். 1366 என்று கொடுத்தால் 1364 கிடைக்கும். ஆனால் கேன்வாஸ் 1366 ஆகவே இருக்கும். அந்த 2 பிக்சல் வித்தியாசத்துக்காக முழுப் படமும் ஸ்கேல் ஆகும். இதனால் வரும் மங்கலைப் பலர் என்கோடர் கோளாறு என்று நினைத்து பிட்ரேட்டை (விநாடிக்குச் செலவிடும் தரவின் அளவு) ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அகலம் 4-ஆல் வகுபடுகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பின்வெட்டு | பதிவு 6

எல்லாம் சரிதாங்க, ஆனா நான் எதிர்க்கட்சி. பதியும்போது வெட்டினா வெட்டினதுதான். பாதியில ஒரு மெனு வெளிய எட்டிப் பாக்குது, ஒரு உரையாடல் பெட்டி சட்டத்துக்கு அந்தப் பக்கம் திறக்குது, அப்போ என்ன பண்ணுவீங்க? மறுபடி முழுசும் பதியணும். முழுத்திரையையும் பதிஞ்சு வெச்சுட்டா எந்த இடத்தை எப்போ நெருக்கமா காட்டணும்னு நிதானமா முடிவு பண்ணலாம். சேமிப்புக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அசையாத திரைக்கு எக்ஸ்264 பெருசா எடம் எடுக்காது.

பின்னால வெட்டுறவங்க ரெண்டு விஷயத்தைக் கவனிச்சாப் போதும். ஒண்ணு, பதிவோட தரம். பின்னால ஒரு தடவை மறுபடி என்கோட் ஆகப்போகுது, அதனால சிஆர்எஃப் (தர எண், கொறைஞ்சா தரம் கூடும்) 16 முதல் 18-க்குள்ள வைங்க. எக்ஸ்264-ஓட இயல்பு மதிப்பு 23, அது இதுக்குப் பத்தாது. ரெண்டு, எடிட்டர்ல ப்ராஜெக்ட் அளவை வெட்டுற அளவுக்கே மாத்துங்க. ஷாட்கட்ல வீடியோ மோட் கஸ்டம், டாவின்சி ரிசால்வ்ல டைம்லைன் ரெசல்யூஷன். அதை 1920×1080-லயே விட்டுட்டு க்ளிப்பை மட்டும் வெட்டுறதாலதான் கறுப்புப் பட்டை வருது.

வெட்டுக்கோடு | பதிவு 7

உங்கள் வாதம் திரை பெரிதாக இருந்தால் முழுக்கச் சரி. 3840×2160 திரையைப் பதிந்து 1920×1080 வீடியோ தருகிறவர் கால் பங்குப் பரப்பை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், ஒரு பிக்சல்கூட இழுபடாது. கேள்வி கேட்டவரின் திரையே 1920×1080. அதற்குள் நெருக்கமாகப் போனால் இழுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பெரிது. முழுத்திரைப் பதிவில் மூலையில் எட்டிப்பார்க்கும் அறிவிப்பு, திறந்திருக்கும் டேப்களின் பெயர், டாஸ்க்பாரில் தெரியும் அஞ்சல் எண்ணிக்கை எல்லாம் கோப்பில் ஏறிவிடுகின்றன. வெட்டிய வீடியோவைத்தான் பகிர்வோம் என்றாலும் அசல் கோப்பு வட்டில் கிடக்கும். பயிற்சி வீடியோவின் திரையில் மற்றவர்களின் விவரங்களும் இருக்கக்கூடும். அப்போது பதியும் இடத்திலேயே வெட்டுவதுதான் பொறுப்பு. பகுதிப் பதிவிலும் ஒரு எச்சரிக்கை: டிஸ்ப்ளே கேப்சரில் அந்தச் செவ்வகத்துக்குள் எது வந்து விழுந்தாலும் பதிவாகும். தொந்தரவு வேண்டாம் நிலையைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பின்வெட்டு | பதிவு 8

தனியுரிமை விஷயத்துல ஒத்துக்கறேன். 1080 திரைக்கு உங்க வழியே சரி.

கருந்திரை | பதிவு 9

கட்டளைவரியில் செய்பவர்களுக்காக எஃப்எஃப்எம்பெக் (வீடியோவைப் பதியவும் மாற்றவும் உதவும் கட்டளைக் கருவி) பக்கத்தை நான் எழுதுகிறேன். சொற்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

விண்டோஸில் ஜிடிஐகிராப். மைனஸ் எஃப் ஜிடிஐகிராப், ஃபிரேம்ரேட் 30, ஆஃப்செட்_எக்ஸ் 240, ஆஃப்செட்_ஒய் 60, வீடியோ_சைஸ் 1600×900 (நடுவில் சிறிய எக்ஸ் எழுத்து), ஷோ_ரீஜன் 1, கடைசியில் மைனஸ் ஐ டெஸ்க்டாப். வரிசை முக்கியம். இவை உள்ளீட்டுக்கான விருப்பங்கள், எல்லாம் மைனஸ் ஐ-க்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் வெளியீட்டுக்குரியதாக எடுத்துக்கொள்ளும், கேட்ட பகுதி பதிவாகாது. ஷோ_ரீஜன் 1 பதியும் பகுதியைச் சுற்றி ஒரு கோடு வரைந்து காட்டும். செவ்வகம் திரைக்கு வெளியே ஒரு பிக்சல் நீண்டாலும் பிழை சொல்லி நின்றுவிடும். முதன்மை மானிட்டருக்கு இடப்பக்கத்தில் இரண்டாவது மானிட்டர் இருந்தால் அதன் ஆஃப்செட்_எக்ஸ் எதிர்ம எண். 1920 அகல மானிட்டர் என்றால் அதன் இடது ஓரம் -1920.

ஜிடிஐகிராப் பிக்சல்களைச் சிபியு வழியாக நகலெடுப்பதால் 60 ஃபிரேமில் திணறும். பதிப்பு 6.0 முதல் டிடிஏகிராப் இருக்கிறது. டெஸ்க்டாப் டூப்ளிகேஷன் வழியாக எடுப்பதால் வேகம் அதிகம். இதிலும் ஆஃப்செட்_எக்ஸ், ஆஃப்செட்_ஒய், வீடியோ_சைஸ் உண்டு; மானிட்டரை அவுட்புட்_ஐடிஎக்ஸ் 0, 1 என்று தனியாகக் கொடுக்க வேண்டும். ஆனால் படம் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் இருக்கும். எக்ஸ்264-க்குக் கொடுக்கும் முன் ஹெச்டபிள்யூடவுன்லோடு, அதன்பின் ஃபார்மேட் பிஜிஆர்ஏ என்ற இரண்டு ஃபில்டர்களையும் சேருங்கள். அதை விட்டுவிட்டால் ஃபார்மேட் பொருந்தவில்லை என்ற பிழைதான் வரும்.

லினக்ஸில் திரையை வரையும் முறை எக்ஸ்11 என்றால் எக்ஸ்11கிராப்; உள்ளீட்டின் பெயரிலேயே இடத்தைச் சேர்க்கலாம்: எடுத்துக்காட்டாக :0.0+240,60. ஃபாலோ_மவுஸ் சென்டர்ட் கொடுத்தால் செவ்வகம் சுட்டியைத் தொடர்ந்து நகரும். இன்னொரு முறையான வேலாண்டில் எக்ஸ்11கிராப் கறுப்புத் திரைதான் தரும், அங்கே அது வேலைக்காகாது. நோம் டெஸ்க்டாப்பில் 42-ஆம் பதிப்பு முதல் ஸ்கிரீன்ஷாட் இடைமுகத்திலேயே பகுதியைத் தேர்ந்து வீடியோ பதியலாம். ஸ்வே போன்ற வேலாண்ட் டெஸ்க்டாப்களில் ஸ்லர்ப் என்ற கருவி கொண்டு பகுதியைத் தேர்ந்து டபிள்யூஎஃப்-ரெகார்டருக்குக் கொடுங்கள்.

ஏற்கெனவே பதிந்த கோப்பை வெட்ட, மைனஸ் விஎஃப் கிராப்=1600:900:240:60. வரிசை அகலம், உயரம், எக்ஸ், ஒய். கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் நடுவிலிருந்து எடுக்கும். வெட்டினால் மறுபடி என்கோட் செய்தே ஆக வேண்டும். வீடியோவுக்கு காப்பி கொடுத்தால் ஃபில்டரும் காப்பியும் சேர்ந்து வராது என்று மறுத்துவிடும். ஒலிக்கு மட்டும் மைனஸ் சி:ஏ காப்பி கொடுங்கள், அது கெடாது. எக்ஸ் 241 என்று கொடுத்தால் சத்தமில்லாமல் 240 ஆக்கிக்கொள்ளும், இரட்டைப்படை மேலே சொன்ன வண்ணக் கட்டம்தான் காரணம்.

எக்ஸ், ஒய் இடத்தில் எண்ணுக்குப் பதில் கணக்கும் கொடுக்கலாம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது புதிதாகக் கணக்கிடப்படும். எக்ஸ் இடத்தில் மின்(320, டி*40) என்றால் (மின் சிறிய எண்ணை எடுக்கும், டி ஓடிய விநாடி) எட்டு விநாடியில் சட்டம் 0-விலிருந்து 320 வரை நகர்ந்து நிற்கும். உள்ளே காற்புள்ளி வருவதால் அந்தக் கணக்கை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். அகலமும் உயரமும் தொடக்கத்தில் ஒரே முறைதான் கணக்கிடப்படும், நடுவில் மாறாது.

தறிநூல் | பதிவு 10

மறுபடி என்கோட் செய்யாமலே வெட்ட ஹெச்264_மெட்டாடேட்டா என்ற பிட்ஸ்ட்ரீம் ஃபில்டர் உண்டே? கிராப்_லெஃப்ட், கிராப்_பாட்டம் என்று கொடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. அதை ஏன் சொல்லவில்லை?

கருந்திரை | பதிவு 11

வேண்டுமென்றேதான் விட்டேன். கேட்டதால் சொல்கிறேன். அது பிக்சலை வெட்டுவதில்லை. 'இந்த ஓரத்தைக் காட்டாதே' என்று பிளேயருக்கு ஒரு குறிப்பை எழுதி வைக்கிறது, அவ்வளவே. மறைத்த பகுதி முழுதும் கோப்பில் அப்படியே இருக்கும். அதே ஃபில்டரால் எண்ணைத் திருப்பி எழுதினால் யாரும் பார்த்துவிடலாம். மறைக்க வேண்டிய தகவல் இருந்தால் இந்த வழி பக்கமே போகக் கூடாது.

ஓரத்துக் கறுப்புப் பட்டையை நீக்கப் பயன்படுத்தலாம். அதிலும் ஒரு நுணுக்கம். ஹெச்.264 படத்தை 16×16 கட்டங்களாகப் பிரிப்பதால் 1080 உயரம் கோப்பில் 1088 ஆகவே இருக்கும், கீழே 8 பிக்சல் ஏற்கெனவே மறைக்கப்பட்டிருக்கும். நீங்கள் கொடுக்கும் எண் பழையதோடு கூடாது, அதை மாற்றி எழுதும். கீழே 60 நீக்க 60 என்று கொடுத்தால் 1028 உயரம்தான் வரும், 1020 வராது. 68 கொடுக்க வேண்டும்.

குறுஞ்சட்டம் | பதிவு 12

அடேயப்பா, இது தெரியாமல் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

ஓர் ஐயம். டிஸ்ப்ளேக்குப் பதில் விண்டோ கேப்சர் எடுத்தால் டாஸ்க்பார் பிரச்சினையே இல்லையே என்று முயன்றேன். பிரவுசர் வெறும் கறுப்பாக வந்தது. இன்னொரு மென்பொருளில் மெனுவைத் திறந்தால் கீழ்விரி பட்டியல் வீடியோவில் வருவதில்லை, சுட்டி மட்டும் வெற்றிடத்தில் நகர்கிறது.

வெட்டுக்கோடு | பதிவு 13

கறுப்புக்குக் காரணம் கேப்சர் மெத்தட். பிட்பிளிட் என்ற பழைய முறை கிராஃபிக்ஸ் கார்டால் வரையப்படும் விண்டோக்களை எடுக்க முடியாது, இன்றைய பிரவுசர்கள் எல்லாம் அப்படித்தான் வரைகின்றன. சோர்ஸின் ப்ராப்பர்ட்டீஸில் விண்டோஸ் 10 (1903-க்கு மேல்) என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் கிளையன்ட் ஏரியா டிக் இருந்தால் தலைப்புப் பட்டை தானாகவே போய்விடும்.

கீழ்விரி பட்டியல் வேறு கதை. பல மென்பொருள்களில் மெனு, டூல்டிப், உரையாடல் பெட்டி ஒவ்வொன்றும் இயங்குதளத்தைப் பொறுத்தவரை தனி விண்டோ. நீங்கள் கேட்டது தாய் விண்டோவை மட்டும், அதனால் அவை வராது. மெனுவைக் காட்டிப் பாடம் நடத்துபவர்களுக்கு விண்டோ கேப்சர் சரிப்படாது. டிஸ்ப்ளே கேப்சரை வெட்டிப் பயன்படுத்துவதே உங்களுக்கு ஏற்றது.

விண்டோ கேப்சரோடு ஆல்ட் வெட்டும் சேர்த்தால் இன்னொரு சிக்கல் வரும். கிராப் எண்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கிய தூரம். நடுவில் விண்டோவை 100 பிக்சல் அகலமாக்கினால் வெட்டிய துண்டும் 100 பிக்சல் அகலமாகி கேன்வாஸுக்கு வெளியே நீளும். ரிலேடிவ் எடுத்த கிராப்/பேட் ஃபில்டரில் அகலம் நிலையாக இருக்கும். எப்படியானாலும் பதிவைத் தொடங்கிய பின் விண்டோவின் அளவைத் தொடாதீர்கள், மினிமைஸ் செய்யாதீர்கள். மினிமைஸ் செய்தால் படம் உறைந்துவிடும்.

சாளரம்_9 | பதிவு 14

மேக்கிலும் போனிலும் எப்படி? ஓபிஎஸ் நிறுவாமலே முடியுமா?

தறிநூல் | பதிவு 15

மேக்கில் ஷிஃப்ட்+கமாண்ட்+5, அதில் தேர்ந்த பகுதியைப் பதிவது என்ற பொத்தான். மொஹாவி, அதாவது 10.14 முதல் இருக்கிறது. ரெட்டினா திரையில் 800×600 என்று தேர்ந்தால் கோப்பு 1600×1200 ஆக வரும். அது பிழையல்ல, ஒரு புள்ளிக்கு இரண்டிரண்டு பிக்சல். கேன்வாஸ் கணக்குப் போடும்போது இந்த இரட்டிப்பை மறக்காதீர்கள். பதிந்த பின் வெட்ட ஐமூவியைத் திறந்தால் 16:9 தவிர வேறு வடிவில் வெட்ட விடாது. கேட்டலினா முதல் ஃபோட்டோஸ் செயலியே வீடியோவை எந்த வடிவிலும் வெட்டும்.

விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூல் போதும். விண்டோஸ்+ஷிஃப்ட்+ஆர், செவ்வகம் வரைந்து தொடங்க வேண்டியதுதான். தொடங்கிய பின் செவ்வகத்தை நகர்த்த முடியாது. கேம் பார் பகுதியைப் பதியாது, ஒரு செயலியின் விண்டோவைத்தான் பதியும். டெஸ்க்டாப்பையும் ஃபைல் எக்ஸ்புளோரரையும் தொடவே தொடாது.

ஆண்ட்ராய்டு போனைக் கணினியில் இணைத்து, போன் திரையைக் கணினியில் காட்டும் ஸ்கிர்சிபி-யில் கிராப்=1080:1080:0:400 என்று கொடுத்தால் அந்தச் சதுரம் மட்டும் வரும், ரெகார்ட் விருப்பமும் சேர்த்தால் அதுவே பதிவாகும். எண்கள் போனின் இயல்பான நிமிர்ந்த நிலைக்குரியவை. ஐபோனில் முழுத்திரைதான் பதிய முடியும். ஐஓஎஸ் 13 முதல் ஃபோட்டோஸிலேயே ஓரங்களை வெட்டலாம்.

நெட்டைச்சட்டம் | பதிவு 16

நான் 9:16 நெட்டை வீடியோ செய்கிறேன். 1920×1080 திரையின் நடுவே வெட்டி 1080×1920 ஆக்கினால் பார்க்கச் சகிக்கவில்லை. இதற்கு ஏதாவது வழி?

வெட்டுக்கோடு | பதிவு 17

1080 உயரத்துக்கு 9:16 அகலம் 607.5, அதாவது 608. அதை 1080 ஆக்க 1.78 மடங்கு இழுக்கிறீர்கள். எந்த ஃபில்டராலும் இல்லாத பிக்சலை உண்டாக்க முடியாது. 4கே திரை என்றால் 1216×2160 கிடைக்கும், அதைச் சுருக்கினால் தெளிவாகவே இருக்கும்.

1080 திரையை வைத்துக்கொண்டு இரண்டு வழி. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஓரியன்டேஷனைப் போர்ட்ரெய்ட் ஆக்கினால் திரையே 1080×1920 ஆகிவிடும். மானிட்டரைச் சுழற்ற முடிந்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. முடியாவிட்டால் 540×960 பகுதி எடுத்து, செயலிக்குள் எழுத்தளவைப் பெரிதாக்கி, ஓபிஎஸ்ஸில் சரியாக 200% ஆக்குங்கள். சோர்ஸில் வலது கிளிக், ஸ்கேல் ஃபில்டரிங், பாயின்ட். முழு மடங்கு என்பதால் ஒவ்வொரு பிக்சலும் நான்காகும், எதுவும் பக்கத்தில் வழியாது. 178%-இல் பாயின்ட் போட்டுவிடாதீர்கள். சில கோடு தடித்தும் சில கோடு மெலிந்தும் எழுத்து பல் இளிக்கும். முழு மடங்கல்லாத எதற்கும் லான்சோஸ் அல்லது பைக்யூபிக்.

பின்வெட்டு | பதிவு 18

ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்துற மென்பொருளைப் பயன்படுத்துறவங்களுக்கு ஒரு சேதி. அதுல டைமென்ஷன்ஸ் பக்கத்துல கிராப்பிங் ஆட்டோமேட்டிக்ல இருந்தா, ஓரத்துல கறுப்பு இருக்கான்னு தானே தேடி வெட்டும். கறுப்புப் பின்னணி டெர்மினலைப் பதிஞ்சீங்கன்னா ஓரத்தைக் கறுப்புப் பட்டைன்னு நெனச்சு உள்ள வரைக்கும் வெட்டிடும். கஸ்டம் ஆக்கி நாலு எண்ணையும் நீங்களே போடுங்க. எஃப்எஃப்எம்பெக்ல கறுப்பு ஓரத்தைத் தேடுற கிராப்டிடெக்ட் சொல்ற எண்ணையும் இருட்டுத் திரைக்கு நம்பாதீங்க.

குறுஞ்சட்டம் | பதிவு 19

1600×900-இல் பதிந்துவிட்டேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து கண்ணாடிபோல இருக்கிறது, ண-வின் மூன்று சுழியும் எண்ணக்கூடியதாக இருக்கிறது. ஒன்றே ஒன்று குறை: கருநீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வரும் இடங்கள் மட்டும் இன்னும் கரைந்ததுபோல் தெரிகின்றன. ஸ்கேலிங் எங்கும் இல்லை, சரிபார்த்துவிட்டேன்.

இரட்டைப்படை | பதிவு 20

அது மறுபடியும் 4:2:0. கறுப்பு, வெள்ளை எழுத்தில் வடிவத்தை ஒளி சுமக்கிறது, அது முழு அளவில் இருப்பதால் தெளிவு. சிவப்பும் கருநீலமும் இரண்டுமே ஒளியில் இருண்டவை, வித்தியாசம் குறைவு. எழுத்தின் வடிவத்தை வண்ணம்தான் சுமக்கிறது. வண்ணமோ 800×450 அளவில்தான் இருக்கிறது. பிட்ரேட் ஏற்றினாலும் இது தீராது.

ஓபிஎஸ்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் கலர் ஃபார்மேட்டை என்வி12-லிருந்து (அது 4:2:0) வண்ணத்தையும் முழு அளவில் வைக்கும் ஐ444 ஆக்கினால் கோப்பில் தெளிவாக இருக்கும். ஆனால் பல பிரவுசர்களும் போன்களும் அதை இயக்க மாட்டா, வீடியோ தளங்கள் வாங்கியவுடன் 4:2:0 ஆக்கிவிடும். எடிட்டருக்குப் போகும் இடைக்கோப்பாக மட்டும் அது நல்லது.

வெளியிடும் வீடியோவுக்கு, மென்பொருளின் நிறத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். சிவப்பை வெளிர் ஆரஞ்சாக்கினாலே பாதி சரியாகும். மாற்ற முடியாவிட்டால் கேன்வாஸையும் அவுட்புட்டையும் 3200×1800 ஆக்கி, 1600×900 துண்டைப் பாயின்ட் ஃபில்டரில் 200% வையுங்கள். அப்போது வண்ணம் 1600×900 அளவில் சேமிக்கப்படும், உங்கள் திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒன்று என்று கணக்கு வந்துவிடும். என்கோட் செய்ய வேண்டிய பிக்சல் நான்கு மடங்கு, ஆகவே 30 ஃபிரேமுக்கு மேல் போகாதீர்கள். ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் பெட்டியில் என்கோடிங் தாமதத்தால் தவறிய ஃபிரேம் எண்ணிக்கை 0-விலேயே நிற்கிறதா என்று ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

குறுஞ்சட்டம் | பதிவு 21

200% பாயின்ட் வைத்து ஒரு நிமிடம் ஓட்டினேன். தவறிய ஃபிரேம் 0. சிவப்பு எழுத்தின் ஓரம் இப்போது நின்று தெரிகிறது. கோப்பு சற்றுப் பெருத்திருக்கிறது, அது பரவாயில்லை. அனைவருக்கும் மிக்க நன்றி.